ஒரு மணி கூட்டிக்கொள்

இதாய்ராவிடம் சொல்லியாயிற்று. சானாவிடம் இன்னும் சொல்லவில்லை. சென்ற வாரம் நான் எழுதியது வரை நிலைமை அதுதான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிப்ரவரியில் என் மனைவி யுரேனா இறந்துபோனாள். கடையில் பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தபோது தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. கையில் தயிர் டப்பா இருந்தது. எங்கள் மகள் இதாய்ராவுக்கு ஆறு வயது. சானா என் மாமியார். ராய்கோ அவருடைய மகன், யுரேனாவின் தம்பி, விடுதிகளுக்கு வெள்ளையடிக்கிறவன். நான் அய்ராம். அரெசிஃபே பள்ளியில் வரலாறு நடத்தினேன். இனி இந்தத் தீவை விட்டு, கடலுக்கு அப்பால் தீபகற்பத்தில், வாயதோலித் என்ற ஊரில் நடத்தப்போகிறேன். அங்கே கடல் இல்லை. அதனால்தான் அந்த ஊர்.

திங்கள் மாலை கப்பல்.

அதற்கு முந்தின ஞாயிறு, கோடையில் கடற்கரையில் நாங்கள் போடும் கூடார முகாமின் கடைசி நாள். பொழுது சாய்வதற்குள் கூடாரங்களைப் பிரித்துக் கடற்கரையைக் காலி செய்ய வேண்டும் என்பது உத்தரவு.

கலேத்தா நெக்ரா என்ற அந்தக் கடற்கரையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம் உண்டு. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. கறுப்புக் கல்லை அரைவட்டமாக அடுக்கிய காற்றுத்தடுப்புச் சுவர், அதற்குள் கூடாரம், முன்னால் ஒரு துணிப்பந்தல். ஒரு வருடம் வராவிட்டால் அடுத்த வருடம் அந்தச் சுவருக்குள் வேறு யாராவது உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் துக்க வருடத்திலும் வந்தோம். அது சானாவின் முடிவு.

ஆனால் அவர் கடலைத் தொடவில்லை. ஒரு வருடம் கறுப்புத் துணி, ஒரு வருடம் கடல் கிடையாது. ஆகஸ்ட் முழுவதும் பந்தலுக்கடியில் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். பெரிய ஏற்றத்தில் நுரை பெட்டிவரை வந்தால் காலைத் தூக்கிக்கொள்வார். இந்த வெயிலில் கறுப்பு எதற்கு என்று பக்கத்துக் கூடாரத்தார் கேட்டால், வெயில் எனக்கு மட்டுமா அடிக்கிறது என்பார்.

முகாம் சாமான்கள் வைக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்த முதல் நாள், மேலாக யுரேனாவின் மஞ்சள் சட்டை கிடந்தது. போன வருடம் மடித்து வைத்தது. சானா சட்டையின் மேலேயே மூடியைச் சாத்தினார். அதற்குள் இருந்த கரண்டிகளுக்குப் பதிலாக நாங்கள் புதிதாக வாங்கிக்கொண்டோம்.

ஞாயிறு காலை ராய்கோ காப்பியோடு என் முன்னால் வந்து நின்றான். கண்ணாடிக் கோப்பையில் அடியில் கெட்டிப்பால், மேலே காப்பி. அவன் கலக்க மாட்டான்.

"வாத்தியாரே, போனைப் பாரு. அடி வத்தம் எப்போ?"

கடல் அடியோடு வற்றி நிற்கும் நேரத்தைக் கேட்டான். பினோ மாதாவின் திருநாளை ஒட்டி வரும் பெரிய ஓதம் அது. கடல் அவ்வளவு தூரம் பின்வாங்குவது வருடத்தில் அந்தச் சில நாட்கள்தான். கரைக்கும் கழுதைப் பாறைக்கும் நடுவே, எரிமலைக் குழம்பு உறைந்த ஒரு வரப்பு வெளியே தெரியும். மற்ற நாட்களில் தீவாக நிற்கும் பாறைக்கு அன்று நடந்தே போகலாம். சானாவின் குடும்பத்தில், ஆறு வயதான பிள்ளையைத் தாய்மாமன் அங்கே கூட்டிப்போவான். பிள்ளை தன் கையால் முதல் லாப்பாவைப் பாறையிலிருந்து பெயர்த்துப் பச்சையாகத் தின்ன வேண்டும். கூம்பு ஓடு போட்ட சிறு சிப்பி அது. கத்தி நுனியைச் சட்டென்று செருகாவிட்டால் பிடியை இறுக்கிக்கொள்ளும், பிறகு விடாது.

"எட்டரை" என்றேன்.

"அப்ப ஒன்பதரை" என்றான் ராய்கோ.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் தீவில் கடல் நேரம் பார்ப்பது தூண்டில் கடையில் சும்மா தரும் அட்டையில். அட்டை சூரிய நேரத்தில் அச்சாகும். கோடையில் நாம் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கிறோம், அட்டை தள்ளாது. அதனால் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். இறந்துபோன என் மாமனார் பிள்ளைகளுக்கு நடை பழக்கியபோதே இதையும் பழக்கியிருப்பார். இங்கே யாரும் யோசித்துக் கூட்டுவதில்லை. கொட்டாவி வந்தால் கை வாய்க்குப் போவதுபோலத்தான்.

போன் அட்டை அல்ல. அது கூட்டிவிட்டுத்தான் காட்டும்.

எனக்கு அது தெரியும். அவன் ஒன்பதரை என்றது காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி. பிப்ரவரிக்குப் பிறகு மற்றவர்கள் பேசுவது எனக்கு அப்படித்தான். வாசல்வரை வரும், உள்ளே வராது. மேலும் அன்று காலை என் தலையில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அத்தை, நாளைக்கு நாங்க போறோம்.

ராய்கோ இதாய்ராவுக்குத் தொப்பி மாட்டினான். ரப்பர் செருப்பின் வாரை இறுக்கினான். அப்பாவும் வரட்டும் என்று அவள் சொன்னாள்.

"உங்கப்பன் லா லகுனாக்காரன். மலை மேல மூடுபனியில பொறந்தவன். பாறையில ஏத்தினா நம்மதான் தூக்கிட்டு வரணும்."

"அப்பாவுக்கு நீச்சல் தெரியும்."

"தெரியும், தெரியும். குளியல் தொட்டியில."

அவள் சிரித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்தாள். கப்பல் எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த ரகசியம். காப்பாற்றுகிறேன் என்று காட்டினாள். பிறகு இருவரும் வரப்பில் இறங்கி நடந்தார்கள். காற்றே இல்லை. கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய்போல் கிடந்தது.

அவர்கள் திரும்புவதற்குள் சானாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் ஒரு வேலை கொடுத்தார். முந்தின நாள் அடிப்பிடித்த சட்டியைத் தண்ணீர் ஓரத்துக்குக் கொண்டுபோய், ஈர மண்ணைப் போட்டு ஊறவைக்கச் சொன்னார். வைத்துவிட்டு வந்தேன். பாய்களை உதறி மடித்தோம். அத்தை என்று தொடங்கினேன்.

அவர் அடுத்த வருடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கல்சுவரை இன்னும் ஒரு வரிசை உயர்த்த வேண்டுமாம். இதாய்ரா வெளியே படுக்க ஆசைப்படுகிறாளாம். பிள்ளைக்குக் காற்று நேராக அடிக்கக் கூடாது. ராய்கோவிடம் சொல்லியாகிவிட்டது. மீன்பெட்டிக்கு நீலச் சாயம் அடிக்கலாம் என்றிருக்கிறார். அப்போதைக்குத் துக்கம் முடிந்திருக்கும், காலைத் தண்ணீரில் வைக்கலாம்.

ஏழு மாதத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நான் அடுத்த பாயை எடுத்து உதறினேன். அதில் மண்ணே இல்லை.

"என் புள்ளே" என்றார். எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார், வங்கி மேலாளரைக்கூட. "அந்தச் சட்டியை எங்க வச்சே?"

"ஓரத்திலதான்."

"மிதக்குது பாரு."

சட்டி மிதந்துகொண்டிருந்தது. நான் வைத்த இடத்துக்கு மேலே, கரைப்பக்கமாக, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சானா எழுந்து நின்றார். "வத்துற கடல் சட்டியைத் தூக்காது. ராய்கோ எத்தனைன்னு சொன்னான்?"

"ஒன்பதரை."

"நீ பாத்தது?"

"எட்டரை."

"அட்டையிலயா?"

"போன்ல."

அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். "அவன் கூட்டிட்டான்" என்றார்.

நான் ஓடினேன்.

வரப்பின் முதல் பாதி இன்னும் தெரிந்தது. நடுவில் ஓர் ஆள் நீளத்துக்குத் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டு ஆள் நீளமானது. அதற்கப்பால் பாறை. பாறையின் இந்தப் பக்கம் யாரும் இல்லை.

கத்தினேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாததாக இருந்தது. அவர்கள் வெளிப்பக்கம் இருந்தார்கள், திறந்த கடலைப் பார்த்த சரிவில். அங்கிருந்து வரப்பு தெரியாது.

எங்கோ வடக்கில் புயல் அடித்திருக்க வேண்டும். அதன் அலைகள் அப்போதுதான் எங்களிடம் வந்து சேர்ந்தன. காற்றில்லாத வெயிலில் வரும் அலை மோசமானது. ஐந்தாறு சேர்ந்து வரும். அடித்துவிட்டுப் போகும். பிறகு கடல் ஒன்றும் தெரியாததுபோல் படுத்திருக்கும்.

முதல் அலைக் கூட்டம் வரப்பின்மேல் ஏறி இறங்கியது. அது வடிந்தபோது வரப்பு இல்லை.

ராய்கோ பாறை உச்சியில் வந்து நின்றான். தோளில் இதாய்ரா. கீழே பார்த்தான். இறங்கி, தண்ணீர்வரை வந்து, ஒரு காலை வைத்தான். அடுத்த கூட்டம் வந்தது. ஏறிப்போய்விட்டான். அவன் முகம் அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. ஆனால் அவன் எதையும் கத்திச் சொல்லவில்லை. ராய்கோ சும்மா இருந்து நான் பார்த்தது யுரேனாவின் அடக்கத்தில் மட்டும்தான்.

நான் இடுப்பளவு இறங்கியிருந்தேன். இரண்டு பேர் பின்னாலிருந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவர் மீட்புப் படகுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். படகு துறைமுகத்திலிருந்து முனையைச் சுற்றி வர வேண்டும். வந்தாலும் இந்த அலையில் பாறைக்கு அருகே ஒட்ட முடியாது. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

துடுப்புப் பலகை வைத்திருந்த ஒரு பெண் கிளம்பினாள். நல்ல பழக்கமுள்ளவள். பாதி தூரம் போனாள். அலை அவளைப் பலகையோடு தூக்கி வரப்பின்மேல் போட்டது. முழங்காலிலிருந்து ரத்தம் வழியத் திரும்பி வந்தாள். முடியல, மன்னிச்சுக்குங்க என்று என்னிடம் சொன்னாள். நான் தலையசைத்தேன் என்று நினைக்கிறேன்.

"கயிறு" என்றார் சானா.

உரக்கச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்துக் கூடாரத்தார் கேட்டு அடுத்த கூடாரத்துக்குச் சொன்னார்கள். இந்தக் கரையில் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. இங்கே அடிக்கும் காற்றுக்குப் பந்தலின் ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு கயிறு. எல்லோரும் முளைகளிலிருந்து அவிழ்க்கத் தொடங்கினார்கள். பந்தல்கள் ஒவ்வொன்றாகக் கீழே உட்கார்ந்தன. நீலம், சிவப்பு, கோடு போட்டவை. கடற்கரை முழுவதும் துணி விழுந்து கிடந்தது. நடுவே உருளைக்கிழங்குச் சட்டிகளும் நாற்காலிகளும் வெயிலில் நின்றன. தொலைவில் சுற்றுலாக்காரர்கள் சிலர் அதைப் படம் எடுத்தார்கள். முகாம் கலைகிறது என்று நினைத்திருப்பார்கள்.

முடிச்சு போட்டுப் போட்டு ஒரே கயிறாக்கினோம். அதைப் பாறைக்கு எப்படிக் கொண்டுபோவது என்று யாருக்கும் தெரியவில்லை. எறிந்து பார்த்தார்கள். பாதிகூடப் போகவில்லை.

சானா காலித் தண்ணீர்க் கேன் ஒன்றை எடுத்து வந்தார். மூடியை இறுக்கித் திருகினார்.

"பந்து" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ராய்கோ சின்ன வயசுல எத்தனை பந்து விட்டான். தண்ணி ஏறும்போது அந்த மூலையில விழுந்தா, வளைஞ்சு நேரா கழுதைகிட்டதான் போகும். ஒவ்வொண்ணுக்கும் அழுவான். வா."

கேனின் பிடியில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கரையோரமாக அந்த மூலைக்கு நடந்தார். நாங்கள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனோம். தண்ணீர் விளிம்பில் ஒரு கணம் நின்றார். கால்களைப் பார்த்தார். பிறகு உள்ளே இறங்கினார்.

கறுப்புப் பாவாடை அவரைச் சுற்றி உப்பி மேலே வந்தது. அதைக் கையால் அமுக்கியபடியே நடந்தார். நெஞ்சளவு போனதும் கேனை விட்டார்.

முதல் தடவை அது வெகு தள்ளிப் போய்விட்டது. இழுத்தோம். இரண்டாவது தடவை நடுவிலேயே அலை புரட்டிக் கரைக்கு அனுப்பியது. மூன்றாவது தடவை வளைந்தது. மெதுவாக, பாறையை நோக்கிப் போனது. ராய்கோ குப்புறப் படுத்து, கையை நீட்டி, கேனைப் பிடித்தான்.

நாங்கள் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றோம்.

அவன் இதாய்ராவின் அக்குளுக்குக் கீழே கயிற்றைச் சுற்றினான். விடுதிச் சுவர்களில் கயிற்றில் தொங்கி வேலை பார்க்கிறவன். முடிச்சைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. கேனை அவள் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொன்னான். ஏதோ பேசினான். அவள் தலையை ஆட்டினாள். கயிறு எங்கள் பக்கம் என் கைக்குப் பின்னால் இரண்டு பேர் பிடிக்கும் அளவே மிச்சம் இருந்தது. இருவரைச் சேர்த்துக் கட்ட நீளம் போதாது, ஒரு தடவைக்கு ஒருவர்தான் வர முடியும் என்பதை அவன் அளந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

உள்ளங்கையைக் காட்டினான். பொறு.

அலைக் கூட்டம் வந்தது. போனது. கையை இறக்கினான். அவளைத் தண்ணீரில் விட்டான்.

இழுத்தோம். நான் எதையும் நினைக்கவில்லை. கயிறு வந்துகொண்டே இருந்தது. முடிச்சுகள் ஒவ்வொன்றாக என் கையைத் தாண்டிப் போயின. பாதி வழியில் தனியாக ஓர் அலை வந்தது. கணக்கில் இல்லாத அலை. அவள்மேல் மடிந்தது. தண்ணீர் வெள்ளையாக இருந்தது. கேன் மேலே வந்தது. கேன் மட்டும்.

பிறகு தலை.

நான் கழுத்தளவு போய் அவளைப் பிடித்தேன். கரையில் போட்டதும் கடல் தண்ணீரை என் கால்மேல் கக்கினாள். இருமினாள். கண்ணைத் திறந்தாள்.

"அப்பா, ஒரு செருப்பு போச்சு" என்றாள்.

கயிற்றை அவிழ்க்க எனக்கு வரவில்லை. சானா அவிழ்த்தார். அவிழ்த்த கையோடு கேனைத் தூக்கிக்கொண்டு மறுபடி அந்த மூலைக்குப் போனார். மறுபடி இறங்கினார். விட்டார்.

ராய்கோ பாறைமேல் நின்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். பிள்ளை கரை சேர்ந்ததைப் பார்த்துவிட்டேன் என்று. கேன் வளையத் தொடங்கியிருந்தது. அவன் குனிந்து உட்கார்ந்தான், பிடிக்கத் தயாராக.

அந்தக் கூட்டத்தின் மூன்றாவது அலை பாறையை மூடியது. நான்காவதும் மூடியது.

தண்ணீர் வடிந்தபோது பாறை கறுப்பாகப் பளபளத்தது. அதன்மேல் ஒன்றும் இல்லை. கேன் அதன் அடிவாரத்துக்குப் போய் மெல்ல முட்டிக்கொண்டு நின்றது.

சானா தண்ணீரிலேயே நின்றார். யாரோ போய் அழைத்து வர வேண்டியிருந்தது.

"வெளிய போயிருப்பான்" என்றார்.

யாரோ அவர் தோளில் ஒரு துண்டைப் போர்த்தினார்கள்.

"அவங்கப்பா சொல்லிக் குடுத்திருக்கார். இந்த மாதிரி அடிச்சா கரைக்கு வராதே, கல்லுல மோதிச் சாவே, வெளிய போய்க் காத்திருன்னு. அவன் வெளியதான் போயிருப்பான்."

அது உண்மை. இங்கே எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுப்பார்கள். எத்தனை பேரால் அப்படிச் செய்ய முடிந்தது என்பதையும் எல்லோரும் அறிவார்கள்.

ஆரஞ்சு நிற மீட்புப் படகு வந்தது. அதன் பின்னாலேயே ஹெலிகாப்டர். வெளியே போய் அகலமாக வட்டமடித்தார்கள். ஒரு காவலர் வந்து ராய்கோவின் பெயர், வயது, உயரம் கேட்டார். என்ன நிறத்தில் கால்சட்டை என்று கேட்டார். நான் சானாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். காலையில் அவனோடு பேசியவன் நான். எனக்குத் தெரியவில்லை.

"பச்சை" என்றாள் இதாய்ரா போர்வைக்குள்ளிருந்து. "பின்னாடி கிழிஞ்சிருக்கும்."

அவர் குறித்துக்கொண்டார். பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம் என்றார். ஆம்புலன்ஸ் பெண் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்குச் சரியாக இருக்கிறது, இருமல் வந்தாலோ தூங்கித் தூங்கி விழுந்தாலோ உடனே கூட்டி வாருங்கள் என்றாள். அதனால் நான் அவளைத் தூங்கவிடவில்லை. அவள் வாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு மூச்சும் உள்ளே போய் வெளியே வந்ததா என்று பார்த்தேன்.

மதியத்துக்குப் பிறகு கடல் அடங்கிவிட்டது. கரையின் மறுகோடியில் சுற்றுலாக்காரர்கள் குளித்தார்கள். வெயில் நன்றாக இருந்தது.

உத்தரவுப்படி எல்லோரும் அந்நேரம் கிளம்பியிருக்க வேண்டும். யாரும் கிளம்பவில்லை. விழுந்த பந்தல்களை மறுபடி எழுப்ப ஆரம்பித்தார்கள். கயிறு இல்லை. ஈரக் கயிறு மொத்தமும் ஒரே முடிச்சுக் குவியலாகத் தண்ணீர் ஓரத்தில் கிடந்தது, அதை அவிழ்க்க யாருக்கும் மனம் இல்லை. துணியின் மூலைகளில் கல்லை வைத்தார்கள். நகராட்சி ஆள் ஒருவர் வண்டியில் வந்தார். இறங்கினார். கடலைப் பார்த்தார். தானும் இரண்டு கல்லைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நானும் எங்கள் பந்தலுக்குக் கல் வைத்தேன். அப்போதுதான் கால் வெட்டுப்பட்டிருப்பதைப் பார்த்தேன். வலிக்கவில்லை.

வெயில் மஞ்சளாகும் நேரத்தில் படகு முனையைச் சுற்றித் திரும்பியது. முன்பக்கம் ஒருவர் எழுந்து நின்று எதையோ உயர்த்திக் காட்டினார். கரையில் எல்லோரும் எழுந்தோம். சானா மட்டும் எழவில்லை. மீன்பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அது செருப்பு. சின்ன ரப்பர் செருப்பு.

"என்னோடது" என்றாள் இதாய்ரா.

படகு செருப்பைக் கொடுத்துவிட்டு மறுபடி வெளியே போனது. வெளிச்சம் இருக்கும்வரை தேடுவோம், காலையில் மறுபடி வருவோம் என்றார்கள்.

சானா உள்ளே போனார். காலையிலிருந்து அதே ஈரத் துணி. அவரிடம் இருந்த கறுப்பெல்லாம் மூட்டை கட்டி, ராய்கோ முந்தின நாளே வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியிருந்தான். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. வெகு நேரம் மூடும் சத்தம் கேட்கவில்லை.

இதாய்ரா செருப்பை மாட்டிக்கொண்டாள். வாரை இறுக்கத் தெரியாமல் விட்டுவிட்டாள்.

"அப்பா."

"ம்."

"மாமாகிட்ட சொல்லிட்டேன். கப்பல்ல போறதை."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னே. மாமா யாரோ இல்லையே."

"இல்ல" என்றேன். "யாரோ இல்ல."

"மாமா என்ன சொன்னான்?"

கேட்டது நான் அல்ல. சானா எங்கள் பின்னால் நின்றிருந்தார். மஞ்சள் சட்டையில். அது அவருக்கு இறுக்கமாக இருந்தது. கடைசிப் பொத்தானைப் போடவில்லை. நான் அந்தச் சட்டையைப் பார்த்தேன். பிறகு மணலைப் பார்த்தேன்.

"ஒண்ணும் சொல்லல அம்மாச்சி. கத்தியை மடக்கி வச்சுட்டாரு. கொஞ்ச நேரம் உக்காந்திருந்தோம். திரும்பிப் போலாமான்னு நான்தான் கேட்டேன். இரு, உங்கம்மா மொத லாப்பா எடுத்த இடம் அந்தப் பக்கம் இருக்கு, அதைப் பாக்காம நீ போகக் கூடாதுன்னாரு."

அதனால்தான் வெளிப்பக்கம் போயிருக்கிறார்கள். அதனால்தான் வரப்பு அவன் கண்ணில் படவில்லை. அவன் கூட்டிய ஒரு மணி பாதிக் காரணம்தான். மீதியை, அந்த ரகசியத்தை, நான் அவளிடம் கொடுத்தனுப்பியிருந்தேன்.

சானா என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். பெட்டியின்மேல் அல்ல. கால்களை நீட்டினார். நுரை வந்து பாதத்தைத் தொட்டுவிட்டுப் போனது. அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் கேட்கப்போகும் கேள்விகளை நான் வரிசையாக எதிர்பார்த்தேன். ஏன் சொல்லவில்லை. எத்தனை நாளாகத் தெரியும். அந்த மணியைச் சொன்னபோது நீ ஏன் வாயைத் திறக்கவில்லை. வெளியே, தொலைவில், படகின் இரைச்சல் ஒரு சுற்று முடித்து மறு சுற்று தொடங்கியது.

"அய்ராம்" என்றார். இதற்கு முன் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. "கப்பல் எத்தனை மணிக்கு?"

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

"நம்ம அஞ்சா, அவங்க அஞ்சா?" தீபகற்பத்தில் கடிகாரம் எங்களைவிட ஒரு மணி முன்னே ஓடும்.

"நம்ம அஞ்சு."

அவர் உதட்டை அசைத்து எதையோ எண்ணினார். என்னைப் பார்க்கவில்லை. படகு தேடிக்கொண்டிருந்த கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இன்னும் நேரம் இருக்கு" என்றார்.